கரடுமுரடான பாதைக்காக வண்டியில் செய்த மாற்றங்கள்: நிலைத்தவையும் கழற்றப்பட்டவையும்

முன்புறம் தனித்தியங்கும் சஸ்பென்ஷன், பின்புறம் காயில் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்த முழு ஆக்சில், மேனுவல் கியர், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்டும் கியர்) வசதி ஆகியவற்றைக் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி என்னுடையது. பல ஆண்டுகளாகச் சேற்றிலும் மணலிலும் பாறைப் பாதைகளிலும் ஓட்டிய பிறகு, அதில் செய்த மாற்றங்களில் எவை பயன்பட்டன, எவை எடையை மட்டும் கூட்டின என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதலிடம் டயருக்குத்தான். 245/70 ஆர்16 அளவிலிருந்து 265/75 ஆர்16 அளவுள்ள ஆல் டெரெய்ன் டயருக்கு மாறியபோது விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆகியது. அதாவது தரை இடைவெளி 27 மில்லிமீட்டர் உயர்ந்தது. கேட்பதற்கு இது சிறிய எண்தான். ஆனால் பின் ஆக்சிலின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் அடிவயிற்றைப் பாறையிலிருந்து விலக்கி வைப்பது இந்த 27 மில்லிமீட்டர் மட்டுமே, ஏனெனில் சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பின் ஆக்சில் சக்கரத்தோடு அதே மட்டத்தில்தான் நிற்கும். இதற்கு விலையும் உண்டு. சக்கரம் ஒரு சுற்றுக்கு 7 சதவீதம் கூடுதல் தூரம் உருள்வதால், கடைசி கியரில் ஏற்றம் ஏறும்போது இழுப்பு குறைந்தது. ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் முன்பைவிட அதே அளவு குறைத்துக் காட்டின. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் இந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திருத்திய பிறகும் மைலேஜ் சற்றுக் குறைந்தது உண்மைதான், ஆனால் மீட்டர் காட்டிய அளவுக்கு இல்லை.

டயருக்கு அடுத்து நான் வைப்பது ஒரு நல்ல ஏர் கம்ப்ரசர். சாலையில் 35 பிஎஸ்ஐ வைக்கும் அதே டயரை மணலில் 18க்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு அகலத்தைவிட நீளத்தில் அதிகமாக விரிந்து, சக்கரம் மணலைத் தோண்டுவதை விட்டுவிட்டு அதன் மேல் ஏறி நடக்கத் தொடங்கும். 15க்குக் கீழே இறக்கினால், கூர்மையாகத் திருப்பும்போது டயர் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி காற்று நிரப்பியே ஆக வேண்டும் என்பதால்தான் கம்ப்ரசர் அவசியமாகிறது.

சஸ்பென்ஷனை 50 மில்லிமீட்டர் உயர்த்தியதால் மேடு ஏறும்போது முன் பம்பர் இடிப்பது நின்றது. ஆனால் அந்த ஒரு வேலை நான்கு வேலைகளைக் கூட்டி வந்தது: முன்பக்கம் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைந்தது; பின் ஆக்சில், அதைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் பான்ஹார்ட் ராடின் வில்வட்ட அசைவால் ஒரு பக்கமாக நகர்ந்தது; முன் டிரைவ் ஷாஃப்டின் சிவி ஜாயின்ட்டுகள் (சாய்ந்தும் சீராகச் சுழலும் இணைப்புகள்) முன்பைவிட அதிகக் கோணத்தில் சுழன்றதால் அவற்றின் ரப்பர் உறைகள் சீக்கிரம் வெடித்தன; பிரேக் ஹோஸ்களை நீளமாக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு வாங்குவதானால் 40 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வேன்.

யாரும் படமெடுத்துக் காட்டாத ஒரு மாற்றம், டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வர உதவும் பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் உயரத்தில் முடித்தது. நெடுநேரம் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். பிரீதரின் வாய் நீருக்குள் இருந்தால் அந்த வழியாகவோ, ஆயில் சீல் வழியாகவோ நீர் உள்ளே உறிஞ்சப்படும். வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது ஆயில் தேன் நிறத்தில் இறங்குவதற்குப் பதிலாகப் பால் கலந்த தேநீர் போல வந்தால் அதுதான் காரணம். குழாயை நீட்டிய பிறகு ஒவ்வொரு நீர்க்கடப்புக்கும் அடுத்து ஆயிலைப் பார்த்திருக்கிறேன். நிறம் மாறியதே இல்லை. எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கெலைப் பொருத்திவிட்டுப் பிரீதரை மறந்தவர்களுக்கு எஞ்சின் தப்பும், ஆக்சில் தப்பாது.

பின் ஆக்சிலில் டிஃப் லாக் (இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டும் அமைப்பு) போட்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது மற்றொன்று தள்ளுகிறது, அவ்வளவுதான். முன் ஆக்சிலுக்கும் போடும் எண்ணம் வரவில்லை; பூட்டிய முன் சக்கரங்களோடு ஸ்டீயரிங்கைத் திருப்புவது பெரும்பாடு.

சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுத்து மீட்கும் மோட்டாரான வின்ச் பற்றி எனக்கு இன்னும் இரு மனம். 9,500 பவுண்டு என்று எழுதியிருக்கும் இழுவிசை, டிரம்மின் அடிச் சுற்றில் மட்டும் கிடைப்பது. கயிறு அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும்போது அது கணிசமாகக் குறையும். முழுச் சுமையில் 400 ஆம்பியரை ஒட்டி மின்சாரம் இழுப்பதால் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே, இடையிடையே ஓய்வு கொடுத்து இழுக்க வேண்டும். அதைத் தாங்க இரும்பு பம்பர், இரண்டின் எடையால் முன் ஸ்பிரிங் அமுங்கியதால் தடித்த ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் என்று செலவு தொடர்ந்தது. துணைக்கு இன்னொரு வண்டி வரும் பயணங்களுக்கு, உறுதியான இழுகொக்கிகளும் நீட்சியுள்ள மீட்புக் கயிறும் போதும். தனியாகப் போகிறவர் மட்டும் வின்ச் பொருத்தட்டும். இரும்புக் கம்பிக்குப் பதில் செயற்கை நாரிழைக் கயிறு போட்டால், அறுந்தாலும் கம்பியளவு ஆவேசமாகத் திரும்பி அடிக்காது, முன்பக்கம் எடையும் குறையும்.

கூரைச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். அதிலிருந்த மாற்றுச் சக்கரம் பின்கதவுக்கும், தண்ணீர்க் கேன்கள் பின் இருக்கையின் காலடிக்கும் இறங்கிய பிறகு, பக்கச்சரிவுகளில் வண்டி சாய்வது கண்கூடாகக் குறைந்தது. இனி எதைச் சேர்ப்பதானாலும், பயணச் சாமான்களையும் ஆட்களையும் ஏற்றிய நிலையில் வண்டியை எடை மேடையில் நிறுத்தி, தயாரிப்பாளர் அனுமதித்த மொத்த எடைக்குள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்வேன்.