தீவனக் கிடங்குக்குப் புறா வலை: கூரையில் கை வைக்காமல் முடிந்த ஒரு வேலையின் மதிப்பீடு

நாமக்கல் மாவட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறோம். கோழிக் கொட்டகைகளின் நான்கு பக்கமும் கம்பி வலை இருப்பதால் அங்கே புறாத் தொல்லை இல்லை. தொல்லை முழுவதும் தீவனக் கிடங்கில்தான். 80 அடி நீளமும் 40 அடி அகலமும் கொண்ட அந்தக் கட்டடத்தில் செங்கல் சுவர், அதன் மேல் ஆங்கிள் இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்), டிரஸ்ஸின் மேல் 19 ஆண்டுப் பழைய சிமெண்ட் ஷீட். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் தவிடும் அடுக்கியிருக்கும் அந்த இடத்தைவிட வசதியான வீடு மாடப்புறாவுக்கு வேறெங்கும் கிடைக்காது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள் மாலை, அடைவதற்கு வரும் நேரத்தில் வாசலில் நின்று எண்ணினேன். 140 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வலை கட்டித் தரும் ஒரு நிறுவனத்தை வைத்து இந்தச் சிக்கலைத் தீர்த்து இப்போது பதினான்கு மாதம் ஆகிறது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். அதை வேறு எவரிடமும் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

புறா தின்று தீர்க்கும் தீவனத்தைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பேசுவார்கள். ஒரு புறா நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் தானியம் தின்னும். 140 புறாவும் எங்கள் கிடங்கிலேயே வயிறு நிறைத்தாலும் நாளுக்கு நான்கு கிலோவுக்குச் சற்று மேல்தான். பல டன் தீவனம் புழங்கும் பண்ணைக்கு அது பெரிய இழப்பன்று. அது தின்பதைவிட விட்டுச் செல்வதுதான் ஆபத்து. எச்சம் விழுந்த மூட்டையைப் பிரித்து மிக்சரில் கொட்டினால், புறாவின் குடலில் இருந்தது நேராக நம் கோழியின் தொண்டைக்குப் போகிறது. 1984-இல் இங்கிலாந்தில் பரவிய ராணிக்கெட் நோயைத் தேடிக்கொண்டு போனபோது, லிவர்பூல் துறைமுகக் கிடங்குகளில் நோயுற்ற புறாக்களின் எச்சம் கலந்த தீவனமே பண்ணைகளுக்கு அதைக் கொண்டுபோனது என்று கண்டறிந்தார்கள். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லி, தவறாமல் தடுப்பூசி போடுகிற அதே நோய்தான். தடுப்பூசி இருக்கிறதே என்று எச்சத்தைக் கோழிக்கு ஊட்ட முடியாது. சால்மோனெல்லா என்ற குடல் கிருமியும் இந்த வழியில் வரக்கூடியதே.

வலைக்கு முன்னால் செய்யாத வைத்தியம் இல்லை. பளபளக்கும் நாடாவைக் கட்டினோம். நான்கு நாள் மரியாதை கொடுத்தன. பிளாஸ்டிக் ஆந்தை வாங்கி வைத்தோம். இரண்டாவது வாரம் அதன் தலைமீதே ஒரு சேவல் புறா உட்கார்ந்து குனுகிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அதைக் கழற்றிவிட்டோம். மீயொலிக் கருவி என்று ஒன்றை இணையத்தில் வாங்கியதுதான் அவற்றில் மிக முட்டாள்தனமான செலவு. உயர்ந்த ஒலியைக் கேட்பதில் புறாவின் காது மனிதக் காதைவிட மேலானதல்ல. நமக்குக் கேட்காத அந்தக் கீச்சொலி அதற்கும் கேட்காது. பிடித்துக் கொண்டுபோய்த் தொலைவில் விடும் யோசனையையும் சிலர் சொன்னார்கள். தபால் கொண்டுபோன இனத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி விட்டால், வண்டி திரும்புவதற்குள் அது வீட்டுக்கு வந்துவிடும்.

ஏர் கன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூரையைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது. பக்கத்துப் பண்ணையில் ஒரு பையனை வைத்து டிரஸ்ஸில் உட்கார்ந்த புறாக்களைச் சுட்டார்கள். தவறிய ஒவ்வொரு குண்டும் போய் மோதிய இடம் சிமெண்ட் ஷீட்டின் அடிப்பக்கம். பழைய ஷீட் கண்ணாடி போலத் தெறித்து உடைவதில்லை. மயிரிழை போல ஒரு விரிசல் விடும், கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஐப்பசி மழையில்தான் அது தெரிந்தது. நனைந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறி, பூஞ்சை நச்சுக்குப் பயந்து ஒரு சுவரோரம் இருந்த அடுக்கு முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். புறா தின்றிருந்தால்கூட அவ்வளவு போயிருக்காது.

ஆகவே மூன்று பேரிடம் விலை கேட்டபோது வலையின் விலையைவிட, அதை எதில் கட்டுவீர்கள் என்பதையே முதலில் கேட்டேன். முதலாமவர், ஷீட்டை ட்ரில் செய்து கொக்கி இறக்கிவிடலாம் என்றார். சிமெண்ட் ஷீட்டில் ட்ரில் ஓடினால் ஓட்டை மட்டும் விழுவதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசும் பறக்கும், அது தீவனத்தின் மேலும் வேலைக்காரர்களின் நெஞ்சிலும்தான் போய்ச் சேரும். இரண்டாமவர், கூரைமேல் ஏறி முகட்டில் முள் கம்பிகளைப் பதித்துவிடலாம் என்றார். உள்ளே அடைகிற புறாவை வெளியே வைக்கும் முள் எப்படித் தடுக்கும் என்பது ஒருபுறமிருக்க, பழைய ஷீட்டின் மேல் ஆளை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது. பலகை போடாமல் நடுவில் கால் வைத்தால் ஷீட்டோடு சேர்ந்து தரைக்கு வரவேண்டியதுதான். மூன்றாவதாக வந்த மேஸ்திரி கையில் டார்ச்சோடு கிடங்கைச் சுற்றி வந்துவிட்டு, “ஷீட்டுல ஒரு ஓட்டைகூடப் போடமாட்டோங்க. இரும்பும் சுவரும் எங்கெங்க இருக்கோ, அங்க மட்டுந்தானுங்க கட்டுவோம்” என்றார். வேலை அவர்களுக்குத்தான்.

முதல் வருகையிலேயே வலையை விரிக்காமல் கூடுகளை எண்ணினார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பதினொரு கூடு இருந்தது. அதில் ஒன்று, நாங்கள் தூக்கி எறிந்த கட்டுக்கம்பித் துண்டுகளையும் விளக்குமாற்றுக் குச்சிகளையும் கோத்துக் கட்டியது. கையில் எடுத்தபோது பறவைக் கூடு என்றே சொல்ல முடியவில்லை. புறா பொதுவாக இரண்டு முட்டை இடும், பதினெட்டு நாள் அளவில் குஞ்சு பொரிக்கும், குஞ்சு பறக்க ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். ஏழு கூட்டில் குஞ்சுகள் இருந்ததால், அவை பறந்துபோகும்வரை ஐந்து வாரம் காத்திருக்கச் சொல்லி, காலியான கூடுகளை மட்டும் எடுத்துவிட்டு, புதிதாகக் கட்டுவதை வாரம் ஒருமுறை கலைத்துவிடும்படி எங்கள் ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் வலையை மூடினால், உள்ளே குஞ்சு அழுகும், வெளியே தாய்ப் புறா வலையோடு மோதிக்கொண்டிருக்கும்.

சுத்தம் செய்த முறையும் சரியானதே. காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தீவனத்தை வெளியேற்றிவிட்டு, கிருமிநாசினி கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுரண்டி எடுத்தார்கள். இரண்டு சாக்கு நிறைந்தது.

வலை கட்டியது மூன்று நாள் வேலை, நான்கு பேர். கறுப்பு நிற எச்.டி.பி.இ. (ஒருவகை பிளாஸ்டிக்) வலை, கண் 50 மில்லிமீட்டர், வெயிலுக்குத் தாக்குப்பிடிக்கும் வகை. நாற்புறச் சுவரின் உச்சியில் இரண்டடிக்கு ஒரு கண் கொக்கியை விரிவு போல்ட்டால் இறுக்கி, அவற்றினூடே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக்கயிற்றை ஓட்டி, மூலைக்கு மூலை முறுக்கியால் (திருகி இறுக்கும் டர்ன்பக்கிள்) விறைப்பேற்றினார்கள். நடுவில் ஒவ்வொரு டிரஸ்ஸின் அடித்தண்டிலும் கிளாம்ப் போட்டு இன்னொரு கயிற்றைத் தாங்கவிட்டார்கள். டிரஸ்ஸில் ஓட்டையும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. மக்காச்சோளத் தூசு படிந்த கிடங்கில் வெல்டிங் பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை மேஸ்திரி நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். பிறகு வலையின் ஓரத்தைக் கயிற்றோடு ஓர் அடிக்கு மூன்று வளையமாகக் கவ்வினார்கள். விறைப்பு குறைந்தால் வலை பழைய கயிற்றுக் கட்டில் போலத் தொய்ந்து, புறா அதில் காலைச் சிக்கவைத்துக்கொண்டு செத்துத் தொங்கும். எங்கள் வலையில் இதுவரை ஒன்றுகூடச் சிக்கவில்லை.

டிரஸ் மட்டத்தில் குறுக்கே வலை விரிக்கும் எவரும் கவனிக்க வேண்டிய இடம், சுவர் உச்சிக்கும் ஷீட்டின் நெளிவுக்கும் நடுவே உள்ள சந்து. அதை விட்டுவிட்டால் புறா வெளியிலிருந்தே வலைக்கு மேல் வந்து அடையும். எச்சம் வலைக் கண்ணின் வழியாக வழக்கம்போல மூட்டையில் விழும். காசைக் கொட்டிப் புறாவுக்குக் கூண்டு கட்டிக் கொடுத்த கதையாகிவிடும். சிலர் இந்தச் சந்தில் சிமெண்ட் கலவை பூசி அடைக்கிறார்கள். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் ஷீட்டுக்கு அசைய இடம் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்தால், விரிசலுக்கு நாமே வழி செய்கிறோம். தவிர, தானியச் சூடு வெளியேறும் காற்றோட்டமும் நின்றுபோகும். இவர்கள் ஒரு அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷை (பற்றவைத்த கம்பி வலை) நெளிவுக்கு ஏற்றபடி வெட்டி, சுவரில் மட்டும் திருகினார்கள். மெஷ்ஷின் மேல் விளிம்பு ஷீட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. இரு பக்கமும் சேர்த்து 160 அடி நீளத்துக்கு இந்த நுணுக்கமான வேலைதான் ஒன்றரை நாளைத் தின்றது, நான் கொடுத்த பணத்தில் மிக நியாயமானதும் அதுவே.

குறைக்கு வருகிறேன். உருளைக் கதவின் மேற்பெட்டிக்குப் பின்னால், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவு சந்து இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டாவது நாள் வலைக்கு மேலே ஆறு புறா உட்கார்ந்திருந்தன. தொலைபேசியில் அழைத்தபோது நாளைக்கு வருகிறோம் என்றவர்கள் வந்து சேர்ந்தது பதினொரு நாள் கழித்து. அதற்குள் அவற்றில் ஒரு ஜோடி குச்சி அடுக்கத் தொடங்கிவிட்டது. வந்தபின் கூலி கேட்காமல் அடைத்துக் கொடுத்தார்கள், ஆனால் மேலே மாட்டிய பறவைகளை வெளியேற்ற வலையின் ஒரு மூலையை அவிழ்க்க வேண்டியதாயிற்று. அங்கேதான் இரண்டாவது குறை தெரிந்தது: வலையில் எங்கும் ஜிப் வைக்கவில்லை. வலைக்கு மேலே இருக்கும் விளக்கை மாற்றவும், ஷீட்டைச் சோதிக்கவும் ஆள் ஏற வழி வேண்டும். வலைக்கென்றே தைக்கும் ஜிப் கிடைக்கிறது, கேட்டால்தான் வைக்கிறார்கள். பிறகு இரண்டு இடத்தில் வைக்கச் சொன்னேன், அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

குருவியும் சின்ன மைனாவும் 50 மில்லிமீட்டர் கண்ணைப் பொருட்படுத்துவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குருவியையும் தடுக்க வேண்டுமானால் 19 மில்லிமீட்டர் கண் வேண்டும். விலையும் கூடும், தூசும் ஒட்டடையும் அதில் சீக்கிரம் படியும். எங்களுக்கு நாலைந்து குருவி இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

செலவு: வலை 3,200 சதுர அடி, கயிறு, கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 19 ரூபாய் வீதம் 60,800. ஓரச் சந்துக்கு வெல்டு மெஷ் அடிக்கு 85 ரூபாய் வீதம் 13,600. முக்கோணச் சுவர்களில் உள்ள இரண்டு காற்று ஜன்னலுக்கு 3,600. ஆக 78,000 ரூபாய், ஜிப் நீங்கலாக. வாசலுக்கு பி.வி.சி. பட்டைத் திரையை நாங்களே வாங்கி மாட்டினோம். லாரி பின்வாங்கி நிற்கும்போது அந்தப் பட்டைகளை ஆட்கள் தூக்கிக் கட்டிவிட்டு இறக்கிவிட மறந்துவிடுகிறார்கள். அதற்கு எந்த நிறுவனமும் மருந்து தர முடியாது. அப்படிப்பட்ட நாட்களில் இரண்டு மூன்று புறா உள்ளே வந்து மூட்டைமேல் மேய்ந்துவிட்டு, அடைய இடமில்லாமல் இருட்டுவதற்குள் வெளியேறிவிடுகின்றன.

பத்து மூட்டை வைக்கும் சிறு அறைக்கு இவ்வளவு தேவையில்லை. ஜன்னலுக்குக் கம்பி வலையும் ஒழுங்காக மூடும் கதவும் போதும். கூரை ஏற்கெனவே ஒழுகும் கட்டடமாக இருந்தால் முதலில் ஷீட்டை மாற்றிவிட்டு வலையை நினையுங்கள்; வலை கட்டிய பிறகு ஷீட் மாற்ற வருபவர்கள் அதை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் வேலை செய்வார்கள்.

சென்ற ஐப்பசி மழையில் ஒரு சொட்டும் உள்ளே விழவில்லை. கோடையில் முறுக்கியை இரண்டு சுற்று இறுக்க வேண்டியிருந்தது, அதை எங்கள் ஆளே செய்தான். அடுத்த மாதம் முட்டை அறைக்கு அதே மேஸ்திரியை அழைத்திருக்கிறேன். இந்த முறை ஜிப் இரண்டு, கதவுப் பெட்டிக்குப் பின்னால் மெஷ், புகார் சொன்ன மூன்று நாளில் ஆள் வரவேண்டும் என்று விலைச்சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன்.