ஸ்லைடரா, டிஜிட்டல் பெட்டியா? மும்பை வீட்டுக்கு ஏற்ற ஈக்வலைசர்

ஒலியின் பேஸ், ட்ரெபிள் போன்ற பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி ஈக்வலைசர். அதில் ஸ்லைடர் வைத்ததை வாங்குவதா, டிஜிட்டல் பெட்டியை வாங்குவதா? வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் வைத்திருக்கும் செம்பூர், மாட்டுங்கா நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் வாங்கியது செகண்ட் ஹேண்ட் 10 பேண்ட் கிராஃபிக் ஈக்வலைசர்; ஒலியைப் பத்து அதிர்வெண் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் வைத்திருப்பது. அதற்குப் போட்டியாக நின்றது கணினியோடு இணைத்துத் திருத்தும் டிஎஸ்பி பெட்டி, அதாவது ஒலியை டிஜிட்டலாக மாற்றிச் சரிசெய்யும் பெட்டி. கைபேசியில் இருக்கும் இலவச ஈக்வலைசர் செயலியை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. கைபேசியில் ஓடும் பாட்டுக்கு அது போதும். கேசட் டெக்கிலிருந்து வரும் ஒலி அதன் வழியே போவதே இல்லை.

இணைப்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே வழிதான். ஆம்ப்ளிஃபயரின் ரெக் அவுட்டிலிருந்து (பதிவுக்காக ஒலி வெளியே வரும் துளை) ஈக்வலைசரின் இன்புட்டுக்கு ஒரு ஜோடி ஆர்சிஏ கேபிள். ஈக்வலைசரின் அவுட்புட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் டேப் இன்னுக்கு இன்னொரு ஜோடி. முன்பக்கம் டேப் மானிட்டர் பொத்தானை அழுத்தினால், எந்தக் கருவியிலிருந்து வரும் ஒலியும் ஈக்வலைசருக்குள் போய்விட்டுத் திரும்பும். கேசட் டெக்கை ஆக்ஸ் என்னும் கூடுதல் இன்புட்டில் மாட்டிக்கொள்ளலாம். வால்யூம் குமிழ் பொதுவாக இந்தச் சுற்றுக்குப் பிறகுதான் வரும் என்பதால், ஒலியைக் குறைக்கும்போது ஈக்வலைசரின் சொந்த இரைச்சலும் சேர்ந்தே குறைகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களை மட்டும் எக்காரணம் கொண்டும் ஈக்வலைசரில் செருகக் கூடாது. போடும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி, அணைக்கும்போது அதுவே முதல்.

டிஎஸ்பியின் பலத்தை மறைக்க மாட்டேன். மும்பையில் நமக்கு வாய்ப்பவை 10 அடிக்கு 12 அடி அறைகள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸை ஒட்டியும், 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸை ஒட்டியும் பேஸை ஊதிப் பெருக்கும். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ஒலிக்கும் இடமெல்லாம் அறையே சேர்ந்து முழங்கும். என் ஈக்வலைசரில் அந்தப் பக்கம் இருப்பவை 31, 63 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்கள் மட்டுமே. 63-ஐ இறக்கினால் பக்கத்தில் நன்றாக இருக்கும் சுரங்களும் சேர்ந்து மெலிகின்றன. டிஎஸ்பியில் 56 என்றே எழுதி, எவ்வளவு குறுகலாக, எத்தனை டெசிபல் குறைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். 31 பேண்ட் ஈக்வலைசர்கூட 50, 63 என்று நிற்பதால் இந்த நுணுக்கத்தை எட்டாது. அது சபா மேடையில் மைக் ஊளையிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் பொருத்தம். என் வீட்டில் ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே இழுத்து வைத்ததில் முழக்கம் கணிசமாகத் தணிந்தது. மிச்சத்தை 63-ல் 3 டெசிபல் இறக்கிச் சமாளிக்கிறேன்.

ஆனால் அறையை ஒருமுறை அளந்து சரிசெய்தால் போதும். கேசட் அப்படியல்ல. வானொலியிலிருந்து பதிந்த ஒரு கச்சேரியில் வயலின் கீச்சிடும். அடுத்த கேசட்டில் குரலே போர்வைக்குள் இருக்கும். ஸ்லைடரில் கை வைத்து, கேட்டுக்கொண்டே 4 கிலோஹெர்ட்ஸைச் சற்று இறக்குகிறேன். இரைச்சல் அதிகமென்றால் 16-ஐயும் இறக்குகிறேன். அந்தச் சில நொடிக்குக் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார எனக்குப் பொறுமை கிடையாது. ஏற்றுவதைவிட இறக்குவதே நல்லது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் கிட்டத்தட்ட 16 மடங்கு சக்தி கொடுத்தாக வேண்டும். சிறிய ஸ்பீக்கர் அதைத் தாங்காது.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. ஸ்லைடர் என்பது கார்பன் தடத்தின் மேல் உரசிப் போகும் ஒரு சிறு உலோக நாக்கு. அதற்கு மேலே இருப்பதோ திறந்த வெட்டு. கடல் காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் ஈரமும் அதன் வழியே இறங்கிவிடும். மழைக்காலம் முடிந்து நகர்த்திப் பார்த்தால் கரகரவென்று சத்தம் வரும்; சில சமயம் ஒரு பக்க ஸ்பீக்கர் அமுங்கியே போகும். இதைக் கேட்டதும் பலரும் ஸ்லைடரே வேண்டாம் என்று ஓடுகிறார்கள். ஆனால் வைத்தியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றி, எலக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை மெல்லிய குழாய் வழியாக ஒவ்வொரு ஸ்லைடரிலும் சிறிதளவு அடிக்க வேண்டும். பிறகு மேலும் கீழுமாகப் பலமுறை ஓட்டி, நன்றாக உலரவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கூடாது. பிசுக்கு தங்கித் தூசியை இழுக்கும். பயன்படுத்தாத வாரங்களிலும் எல்லா ஸ்லைடரையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டால் கரகரப்பு வருவதே குறைகிறது. மேலே ஒரு துணி போட்டு மூடுவதும் உதவும்; ஓடும்போது மட்டும் எடுத்துவிட வேண்டும்.

உள்ளே வேறு ஏதாவது பழுதானாலும் கவலையில்லை. எட்டுக் கால் ஐசிகளும் உலர்ந்துபோகும் கபாசிட்டர்களும்தான் பெரும்பாலும் காரணம். 4558, டிஎல்072 போன்ற ஐசிகள் மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் சாதாரணமாகக் கிடைப்பவை. சால்டரிங் தெரிந்த எந்த மெக்கானிக்கும் மாற்றிக் கொடுத்துவிடுவார். டிஎஸ்பி பெட்டியில் பாகங்கள் சர்க்யூட் பலகையோடு ஒட்டியே இருக்கும். முக்கியமான சிப் போனால் பலகையையே மாற்ற வேண்டியதுதான். கூடவே வரும் மென்பொருள் அடுத்தடுத்த கணினிகளிலும் ஓட வேண்டும் என்ற கவலை வேறு. இதையும் சொல்ல வேண்டும்: டிஎஸ்பியை நான் நண்பர் வீட்டில்தான் பழகியிருக்கிறேன். அங்கே அது எந்தத் தொந்தரவும் தரவில்லை. ஸ்லைடரே இல்லாததால் கரகரப்புக்கும் இடமில்லை. பல மழைக்காலம் தாண்டி அது எப்படி உழைக்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

கேசட்டே இல்லை, எல்லாம் ஸ்ட்ரீமிங், அறையின் முழக்கம் மட்டும்தான் பிரச்சினை என்பவர்கள் டிஎஸ்பியையே வாங்குங்கள். மற்றவர்கள் பழைய பொருள் சந்தையான சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்டில் தேடும்போது, பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்லைடரையும் நகர்த்திப் பாருங்கள். கரகரப்பு இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒலி முற்றிலும் அறுந்தால் தடமே தேய்ந்திருக்கும். அதே நீளத்தில் மாற்று ஸ்லைடர் கிடைப்பது கடினம், விட்டுவிடுங்கள். பின்பக்கம் 100 அல்லது 120 வோல்ட் என்று எழுதியிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் மாட்டவே கூடாது. அதன் செலவையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.