டிங்கி காய்ச்சலுக்குப் பப்பாளி இலைச் சாறா, நிலவேம்புக் குடிநீரா?

மழை பிடித்துவிட்டால் மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜூந்தையில் இரண்டு கசப்புகளுக்குக் கிராக்கி வந்துவிடும். ஒன்று பப்பாளி இலைச் சாறு, இன்னொன்று நிலவேம்புக் குடிநீர். போன மழையில் தம்பிக்கு டிங்கி என்று கிளினிக்கில் உறுதியானதும், எதைக் கொடுப்பது என்று வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. "காய்ச்சல்னா நிலவேம்புதாம்பா, எங்கம்மா காலத்துலேர்ந்து அதுதான்" என்றார் அம்மா. நான் பப்பாளி இலை என்றேன். அதைத்தான் கொடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

இரண்டுமே டிங்கியைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. டிங்கிக் கிருமியை உடம்பிலிருந்து விரட்டுவதாக நிரூபணமான இலையோ மாத்திரையோ இதுவரை கிடையாது. காய்ச்சலுக்குப் பெனடோல் (பாராசிட்டமால்), வயிறு ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தண்ணீர், கஞ்சி, இளநீர், நாள் தவறாமல் ரத்தப் பரிசோதனை, இவ்வளவுதான் வைத்தியம். போன்ஸ்டான், வோல்டரன், ஆஸ்பிரின் என்ற வலி மாத்திரைகள் மூன்றையும் தொடக்கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வேலை முடியும்போது சாற்றை நம்பி வீட்டில் கிடப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இதற்கு மேல், துணைக்கு எது என்பதுதான் கேள்வி.

விலை, கிடைப்பது, கசப்பு பற்றி நீட்ட வேண்டியதில்லை. பப்பாளி மரம் கொல்லையில் நிற்கிறது. நிலவேம்புப் பொடி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. செடியாக வேண்டுமானால் மலாய்க்காரர் வீடுகளில் ஹெம்பெடு பூமி என்று தொட்டியில் வளர்ப்பார்கள். கசப்பில் நிலவேம்பை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது அளவுதான். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது என்ன அளவு, எப்படித் தயாரித்தது, எத்தனை நாள்? அதையே என்னால் வீட்டில் செய்ய முடியுமா? பச்சிலை வைத்தியத்தில் பெரும்பாலான சண்டை இந்த இடத்தில்தான் தீரும். செடி நல்லதா என்று கேட்பதைவிட, என் டம்ளரில் இருப்பது அவர்கள் கொடுத்ததுதானா என்று கேட்பது உபயோகமானது.

பப்பாளி இலைக்கு அந்தப் பதில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 228 டிங்கி நோயாளிகள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, 50 கிராம் பச்சை இலையின் சாறு, தினம் ஒரு வேளை, தொடர்ந்து மூன்று நாள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து எண்ணியதில், 40 மணி நேரத்துக்குப் பிறகு சாறு குடித்தவர்களின் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தன. தட்டணு உற்பத்தியோடு தொடர்புள்ள மரபணுக்கள் அவர்களிடம் கூடுதலாக வேலை செய்வதையும் பார்த்திருக்கிறார்கள்.

50 கிராம், பச்சை இலை, ஒரு வேளை, மூன்று நாள். இதை எந்த வீட்டிலும் அப்படியே செய்துவிடலாம். அம்மா பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் தராசில் இலையை வைத்தோம். காம்பும் நடு நரம்பும் நீக்கிய பிறகு, எங்கள் மரத்தில் நடுத்தர இலை இரண்டு வைத்தால் 50ஐத் தாண்டியது. கழுவி, ஈரம் துடைத்து, உரலில் தண்ணீர் விடாமல் இடித்து, வெள்ளை வேட்டித் துணியில் முறுக்கிப் பிழிந்தால் கரும்பச்சையாகச் சில கரண்டி இறங்கும். நுரை அடங்கியதும், பசியாறிய பிறகு குடிக்கக் கொடுத்தோம். கொதிக்க வைப்பது, சீனி கொட்டுவது, ஐந்தாறு இலையை அரைத்து ஜக்கில் வைத்து நாள் முழுக்க ஊற்றுவது எல்லாம் வேறு மருந்து. அந்த ஆய்வில் அதை அளந்து பார்க்கவில்லை.

அந்த ஆய்வின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். யார் சாறு குடித்தார், யார் குடிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு அது. போலிச் சாறு கொடுத்து ஒப்பிடவில்லை. உயர்ந்தது எண்ணிக்கைதான். சாவைத் தடுத்தது என்று அது சொல்லவில்லை. டிங்கியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிவது. தட்டணு குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பேரிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வில், எண்ணிக்கை 20,000க்கு இறங்கியவர்களுக்குத் தட்டணுவையே நேரடியாக ஏற்றியும் ரத்தக்கசிவு குறையவில்லை. ஆகவே சாறு குடித்து எண்ணிக்கை ஏறியது என்று ஆறுதல்பட்டுத் தண்ணீர் குடிப்பதை விட்டால் ஆபத்து. தம்பிக்கும் எண்ணிக்கை ஏறியது. ஆனால் டிங்கியில் அது தானாகவும் ஏறும், அதனால் ஒரே ஒருவனை வைத்து நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

நிலவேம்புக்கு வருவோம். இதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் 2012 டிங்கி நேரத்தில் அரசாங்கமே ஊர் ஊராகக் கொடுத்த கஷாயம் இது. குடிநீர் என்று சொல்வது தனி நிலவேம்பு அல்ல. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நிலவேம்பின் முக்கியச் சத்து ஆண்ட்ரோகிராஃபோலைடு. 1911லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. செடியின் வயது, அறுத்த பருவம், காயவைத்த விதம் எல்லாவற்றையும் பொறுத்து இலையில் அதன் அளவு பல மடங்கு மாறும். நாலு பங்கு தண்ணீரை ஒரு பங்காக வற்ற வைத்தால் என் டம்ளரில் எத்தனை மில்லிகிராம் இறங்கியது என்று எனக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

தாய்லாந்தில் லேசான கோவிட்டுக்கு நிலவேம்பைக் கொடுத்தபோது, ஒரு நாளைக்கு 180 மில்லிகிராம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று அளந்துதான் கொடுத்தார்கள். அந்த அனுபவத்தை நம் அடுப்பிலிருக்கும் கஷாயத்துக்கு மாற்ற முடியாது. டிங்கிக் கிருமியை நிலவேம்பு அடக்குகிறது என்று பேசப்படுவதில் பெரும்பங்கு சோதனைக்கூடத்து உயிரணுக்களில் பார்த்ததுதான்.

இன்னொன்றும் என்னைத் தயங்க வைத்தது. ஆண்ட்ரோகிராஃபோலைடு, தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் என்று சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். கஷாயத்தில் இறங்கும் அளவுக்கு அது மனிதரிடம் நடக்குமா என்பது வேறு விஷயம். நடக்காமலும் போகலாம். ஆனால் அதே காரணத்துக்காக ஆஸ்பிரினை ஒதுக்கிவிட்டு, அளவு தெரியாத ஒன்றைக் கையில் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. அரிதாக நிலவேம்புக்குக் கடுமையான ஒவ்வாமை வருவதும் உண்டு. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இது பற்றி எச்சரித்திருக்கிறார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு அம்மா நிலவேம்பு காய்ச்சினால் நானும் குடிப்பேன். டிங்கி என்று தெரிந்த பிறகு மட்டும் வேண்டாம் என்கிறேன்.

பப்பாளி இலை என்றால் யாருக்கும் கொடுக்கலாம் என்பதும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. இனிப்பு நீருக்கு மாத்திரை போடுபவர்களுக்கும் அதே பேச்சு, ஏற்கெனவே சாப்பாடு இறங்காத நேரத்தில் சர்க்கரை தாழ்ந்துவிடும். நம் பக்கத்துக்கே உரிய ஒன்று ரப்பர் பால் ஒவ்வாமை. பால்மரம் வெட்டிய காலத்தில் கை தடித்து அரித்தவர்களுக்கு, ரப்பர் கையுறை போட்டால் தடிப்பவர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டு பாலிலும் ஒரே மாதிரிப் புரதங்கள் இருப்பதுதான் காரணம். அப்படிப்பட்டவர்கள் சாற்றை விட்டுவிடுவது நல்லது.

இலையை எங்கே பறிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தானாக முளைத்த மரங்கள் நிறைய நிற்கும். களைக்கு மருந்தடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து இலையில் எல்லாம் படியும். பராகுவாட்டை 2020இல் நாடே தடை செய்துவிட்டது, ஆனால் மற்ற களைக்கொல்லிகள் இருக்கின்றன. கழுவினால் போகும் என்று நம்ப வேண்டாம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம், இல்லையென்றால் மருந்தடிக்காத இடம் என்று உறுதியாகத் தெரிந்த அக்கம்பக்கத்து மரம்.

அளவுதான் முக்கியம் என்றால் மாத்திரையே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இந்தியாவில் பப்பாளி இலைச் சாறு 1,100 மில்லிகிராம் மாத்திரையாக, தினம் மூன்று வேளை, ஐந்து நாள் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் தட்டணு உயர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் பயன்படுத்திப் பார்த்ததில்லை, அதனால் கூடுதலாகப் பேசவில்லை. இங்கே வாங்குவதானால் பெட்டியில் மால் (MAL) எண், அதாவது மருந்துப் பதிவு எண், இருக்க வேண்டும். மால் என்ற எழுத்துகளும் எட்டு இலக்கமும் கடைசியில் டி (T) என்ற எழுத்தும் இருந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கன உலோகமும் கிருமியும் சோதித்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் அந்த எண். நோய் தீரும் என்பதற்கு அது சாட்சி அல்ல. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) எண் இல்லாமல் விற்கும் டப்பாவைத் தொடாதீர்கள். அந்த மாதிரிச் சரக்கில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது இந்த நாட்டில் பல தடவை நடந்திருக்கிறது.

சாறு குடித்ததும் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்காதீர்கள். டிங்கியில் விடாத வாந்தியும் வயிற்று வலியும் அபாய அறிகுறிகள். கசப்பால் வந்த வாந்தியா, நோய் முற்றியதா என்று டாக்டரே குழம்பும்படி ஆகிவிடக் கூடாது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் பல பேருக்கு உடம்பு மோசமாகும். அந்த நேரத்தில் ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, ஆள் சோர்ந்து சுருண்டு கிடப்பது, இதில் எது தென்பட்டாலும் சாற்றை அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். என்ன இலை, எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.