ரோமியோ ஜூலியட், குறிப்புரைப் பதிப்பு: ஒரு மதிப்புரை

மாணவர்களுக்கென வெளிவந்துள்ள இந்தக் குறிப்புரைப் பதிப்பை இரண்டு முறை படித்தேன். 1599ஆம் ஆண்டின் இரண்டாம் குவார்ட்டோவை (நாடகத்தின் பழைய சிறு அளவு அச்சுப் பதிப்பை) அடியொற்றிய மூலபாடம் நம்பகமானது.

நூலின் உயிர் அதன் காலவரிசைப் பகுதியே. ஆர்தர் புரூக் 1562இல் பாடிய கதையில் மாதக்கணக்கில் நீளும் காதலை, ஷேக்ஸ்பியர் ஞாயிறு முதல் வியாழன் விடியல் வரைக்குள் அடக்கிவிட்டதை அது காட்சிவாரியாக விளக்குகிறது. சந்தித்த மறுநாளே மணம். அன்றே ரோமியோவின் கையால் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டின் கொலை. பதினான்கு வயதுகூட நிறையாத மகள் ஜூலியட்டுக்கு, அவள் மணமானதை அறியாமல் வேறொருவனுடன் நிச்சயித்த திருமணத்தை வியாழனிலிருந்து புதனுக்கு முன்தள்ளும் தந்தை. அதைத் தவிர்க்க அவள் துணிந்து அருந்தும், 42 மணி நேரம் பிணம்போல் கிடத்தும் மருந்து. அந்தச் சிறுமியின் தனிமை என்னை வெகுநேரம் கலங்க வைத்தது.

கொள்ளைநோய் அச்சத்தால் துறவி ஜான் ஒரு வீட்டில் அடைக்கப்பட, நாடுகடத்தப்பட்டு மான்டுவா நகரில் இருந்த ரோமியோவுக்கு அந்த மருந்தின் இரகசியத்தைச் சொல்லும் கடிதம் சேராமற்போனதை மட்டுமே விதியின் செயலாகப் பதிப்பாசிரியர் கருதுகிறார். இதை நான் ஏற்கவில்லை. எழுத்தறியாத பணியாள், இருவரும் சந்திக்கப்போகும் ஜூலியட் வீட்டு விருந்தின் விருந்தினர் பட்டியலை ரோமியோவிடமே வாசிக்கக் கொடுத்தபோதே விதி உள்ளே வந்துவிட்டது.

அடிக்குறிப்பு எழுத்துகள் மிகச் சிறியவை. ஆயினும், நாடகத்தை முதன்முறை படிக்கும் இளையோருக்கு இப்பதிப்பையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.