ஓவர் தி கேப்: டிரேடு பற்றிச் சண்டை போடும் முன் திறக்க வேண்டிய தளம்

மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் புது அணி தேடும் காலம்) தொடங்கினால் போதும், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ரசிகர்கள் நடுவே ஆரம்பிக்கும் சண்டை செப்டம்பர் வரை ஓயாது. இவரை ஏன் விட்டார்கள், அவருக்கு எதற்கு இவ்வளவு கொட்டிக் கொடுத்தார்கள், முதல் சுற்று பிக்கை (டிராஃப்ட் எனும் ஆண்டுத் தேர்வில் புதுமுக வீரரை எடுக்கும் வாய்ப்பு) ஏன் தூக்கிக் கொடுத்தார்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் யாராவது "கேப்ல இடம் இல்லப்பா, என்ன செய்ய முடியும்" என்பார், எல்லோரும் அடங்கிவிடுவார்கள். (கேப் என்பது ஓராண்டு வீரர் சம்பளக் கணக்கில் ஓர் அணி தாண்டக் கூடாத உச்சவரம்பு.) அந்த ஒரு வரியைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம் ஓவர் தி கேப். பெரும்பாலும் அந்த வரி நிற்பதில்லை.

ஜேசன் ஃபிட்ஸ்ஜெரால்டு நடத்தும் தளம் இது. 32 அணிகளின் வீரர்களுடைய ஒப்பந்தங்களும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் போடப்பட்டிருக்கின்றன: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கையெழுத்து போனஸில் இந்த ஆண்டுப் பங்கு எவ்வளவு, இன்று வெளியேற்றினால் டெட் மணி (வீரர் போன பிறகும் கேப் கணக்கில் நிற்கும் தொகை) எவ்வளவு, ஜூன் 1-க்குப் பிறகு வெளியேற்றினால் எவ்வளவு, டிரேடு செய்தால் (வேறு அணிக்கு மாற்றிக் கொடுத்தால்) எவ்வளவு மிச்சம். பார்க்க அழகான தளம் இல்லை, எங்கு பார்த்தாலும் எண்கள்தான். ஆனால் தேடுவது சட்டென்று கிடைக்கும்.

இதில் கொஞ்ச நேரம் உலாவினாலே கேப் என்பது சுவர் இல்லை, எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி என்பது பிடிபடும். ஒரு வீரருக்கு இந்த ஆண்டு சம்பளம் 30 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 25 மில்லியனை போனஸாக மாற்றி உடனே கொடுத்துவிட்டால், ஒப்பந்தத்தில் போதிய ஆண்டுகள் இருக்கும்பட்சத்தில் அதை 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதலாம். இந்த ஆண்டுக் கணக்கில் அதிலிருந்து 5 மில்லியன்தான் விழும், 20 மில்லியனுக்கு இடம் பிறக்கும். வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறைவதில்லை. அந்த 20 மில்லியன் மறைந்துபோவதும் இல்லை, பின்னால் வரும் ஆண்டுகளில் உட்கார்ந்திருக்கும். ஆனால் கேப்பும் ஏறிக்கொண்டே போகிறதே! 2023-ல் 224.8 மில்லியனாக இருந்தது 2025-ல் 279.2 மில்லியன்.

நான் டல்லாஸ் கௌபாய்ஸ் ரசிகன், அதனால் எங்கள் நட்சத்திரத் தற்காப்பு வீரராக இருந்த மைக்கா பார்சன்ஸ் விஷயத்துக்கு வராமல் இருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அவரை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு அனுப்பி, அங்கிருந்து வீரர் கென்னி கிளார்க்கையும் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் வாங்கினார்கள். பேக்கர்ஸ் அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 188 மில்லியன் கொடுத்தது. கௌபாய்ஸின் மற்ற நட்சத்திரங்களான டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 60 மில்லியன், சீடி லாம்புக்கு 34, இவருக்கும் 47 என்றால் அணி தாங்குமா என்று கேட்டவர்கள் ஏராளம். சராசரிகளைக் கூட்டினால் 141 வருவது உண்மைதான், ஆனால் சராசரி வேறு, அந்தந்த ஆண்டின் கேப் எண் வேறு. தளத்தில் மூவரின் ஆண்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் டாக், லாம்ப் இருவரின் ஒப்பந்தங்களையும் மாற்றி எழுதி 50 மில்லியனுக்கு மேல் இடம் உண்டாக்கியிருந்தார்கள். பார்சன்ஸை வைத்துக்கொள்ள வழி இருந்தது, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு சரியா தவறா என்று விடிய விடிய வாதாடலாம், எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆனால் கேப் மேல் பழியைப் போடக் கூடாது.

டென்வர் பிராங்கோஸ் அணியின் கதை இதன் மறுபக்கம். குவார்ட்டர்பேக் (அணியின் தாக்குதலை நடத்தும் வீரர்) ரஸ்ஸல் வில்சனை 2024-ல் வெளியேற்றியதால் 85 மில்லியன் டெட் மணி, ஜூன் 1 விதியால் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரிந்தது, முதல் ஆண்டில் மட்டும் சுமார் 53 மில்லியன். அணி மூழ்கிவிட்டது என்றே பலரும் எழுதினார்கள். அதே ஆண்டு 12-வது பிக்கில் எடுத்த போ நிக்ஸை வைத்து பிளேஆஃபுக்குப் போனார்கள். புதுமுக குவார்ட்டர்பேக் ஒருவரின் சம்பளம் எவ்வளவு குறைவு, அது எவ்வளவு பெரிய பள்ளத்தை மூடுகிறது என்பதை அந்த அணியின் பக்கத்தில் நேராகவே பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது கால்குலேட்டர். உங்கள் அணியை எடுத்து, இவரை வெளியேற்று, அவரை டிரேடு செய், இன்னொருவர் ஒப்பந்தத்தை மாற்றி எழுது என்று நீங்களே ஜெனரல் மேனேஜர் வேலை பார்க்கலாம். "அவரை வித்துட்டு இவரை வாங்கலாம்" என்று சொல்பவரை இதன் முன் உட்காரவைத்தால், விற்கச் சொன்ன வீரரின் மிச்ச போனஸ் முழுவதும் பழைய அணியின் தலையிலேயே விழுவது தெரிந்துவிடும்.

டிராஃப்ட் பிக் மதிப்பு அட்டவணையும் உண்டு. கௌபாய்ஸின் முன்னாள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்துப் பழைய அட்டவணையில் முதல் பிக்குக்கு 3000 புள்ளிகள், 32-வது பிக்குக்கு வெறும் 590. இந்தத் தளத்தின் அட்டவணை, அந்தந்த இடத்தில் எடுக்கப்பட்ட வீரர்கள் இரண்டாவது ஒப்பந்தத்தில் என்ன சம்பாதித்தார்கள் என்பதை வைத்துப் போடப்பட்டது, அதனால் சரிவு அவ்வளவு செங்குத்தாக இல்லை, அடுத்த சுற்று பிக்குகளும் மதிப்பாகவே நிற்கின்றன. டிராஃப்ட் வரிசையில் மேலே ஏறுவதற்காக இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குகளை அள்ளிக் கொடுக்கும் அணிகளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வருவதற்கு இதுதான் காரணம். அணியை விட்டுப் போன ஃப்ரீ ஏஜென்டுகளுக்கு ஈடாகக் கிடைக்கும் பிக்குகளின் கணிப்பும் இருக்கிறது; சீக்கிரம் புது ஃப்ரீ ஏஜென்டை வாங்கினால் அந்த ஈடு குறையலாம், டிராஃப்ட் முடியும் வரை அணி ஏன் யாரையும் வாங்காமல் இருக்கிறது என்று கொதிப்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

குறை என்றால், புதிதாக வருபவருக்கு முதல் நாள் தலை சுற்றும். "எஃபெக்டிவ் கேப் ஸ்பேஸ்" போன்ற சொற்கள் புரிய நேரம் எடுக்கும்; குறைந்தது 51 வீரர்களையும் வரவிருக்கும் டிராஃப்ட் வீரர்களையும் சேர்த்த பிறகு மிஞ்சும் இடம் அது, அணிகளை ஒப்பிட அதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், ஒரு வீரர் அந்தப் பணத்துக்குத் தகுந்தவரா என்பதை எண் சொல்லாது, அதற்கு ஆட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மற்ற விளையாட்டுகளின் சம்பளமும் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பாட்ராக் தளம் பொருந்தும். என்எஃப்எல் மட்டும் போதும் என்றால் இதுவே என் தேர்வு. முதலில் உங்கள் அணியின் பக்கத்தைத் திறந்து, நீங்கள் அதிகம் திட்டும் ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டைப் பாருங்கள்.