கூரை மேல சோலார் வேலை: ஓரத்துல ரெயிலா, இடுப்புல கயிறா?

சோலார் வேலைன்னாலே ஷாக் அடிச்சிரும்னுதான் எல்லாரும் பயப்படுறாங்க. ஆனா அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டு நாட்டுக் கணக்கைப் பார்த்தாலும் கட்டுமான வேலைல அதிகமா உயிர் போறது மேல இருந்து விழுந்துதான். தடுக்க மூணு வழி இருக்கு: கூரை ஓரம் பூரா சாரமும் ரெயிலும் (தடுப்புக் கம்பி) கட்டுறது, ஓரம் வரைக்கும் போகவே முடியாதபடி கயிறைக் குட்டையா வெச்சுக் கட்டிக்கிறது, அப்புறம் விழுந்த ஆளைப் பிடிச்சு நிறுத்துற ஹார்னஸ், அதாவது உடம்பு பூரா மாட்டுற வார்ப்பட்டை. நிறைய சைட்ல மூணாவது மட்டும்தான் வருது, ஏன்னா பையில போட்டு எடுத்துட்டு வந்துரலாம். என்னைக் கேட்டா அதைத்தான் கடைசியா எடுக்கணும்.

ஏன்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஹார்னஸை ஆங்கரோட (கூரைல பதிச்ச பிடிமானம்) இணைக்கிற கயிறு, அதாவது லேன்யார்டு, சாதாரணமா 6 அடி, இழுவையைத் தாங்குற ஷாக் அப்சார்பர் பிரிஞ்சா இன்னொரு 3.5 அடி, ஹார்னஸோட முதுகு வளையத்துல இருந்து பாதம் வரைக்கும் 5, 6 அடி, ஹார்னஸ் இழுபடுறதுக்கும் சேர்த்து கைவசம் ஒரு 3 அடி விட்டா, ஆங்கர் மட்டத்துல இருந்து கீழ கிட்டத்தட்ட 18 அடி காலியா இருக்கணும். ஒரு மாடி வீட்டுக் கூரை ஓரம் 10 அடிதான் இருக்கும்! ஓரத்துக்குப் பக்கத்துலயே ஆங்கர் அடிச்சு மாட்டினா கயிறு நிறுத்துறதுக்கு முன்னாடியே தரை வந்துரும். ஆங்கருக்கு நேரா இல்லாம பக்கவாட்டுல விழுந்தா ஊஞ்சல் மாதிரி போய் சுவத்துல மோதணும். எல்லாம் சரியா வேலை செஞ்சு அந்தரத்துல தொங்கினாலும் கால்ல ரத்தம் தேங்கி நிமிஷக் கணக்குல மயக்கம் வந்துரலாம், அதனால யார் எப்படி இறக்குவாங்கன்னு மேல ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும், ஃபயர் சர்வீஸ் வரட்டும்னு இருக்க முடியாது.

ரெயிலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்ல. யாரும் கொக்கி மாட்ட மறந்துட்டாங்கன்ற பேச்சும் இல்ல. பேனல் ஒண்ணு 20 கிலோவுக்கு மேல, ரெண்டு கையும் அதுலதான் இருக்கும், காத்து அடிச்சா ஆளையே தள்ளிட்டுப் போகும், அந்த நேரம் கால்ல நாலு பேரோட கயிறு வேற சிக்குனா என்ன ஆகும்? குறைன்னா கட்டவும் பிரிக்கவும் நேரம் ஆகுது, கட்டுற ஆளுக்கும் பாதுகாப்பு வேணும். சரிவு ஜாஸ்தியான கூரைல மேல இருந்து வழுக்கி வர்ற வேகத்தைத் தாங்குற மாதிரி வலையோ பலகையோ அடைச்ச ரெயில்தான் போடணும், வெறும் ரெண்டு கம்பி போதாது.

ஒரு பேனல் மாத்துறது, கனெக்டர் பார்க்கிறது மாதிரி சின்ன வேலைக்கு குட்டைக் கயிறு நல்ல வழி, ஓரத்தைத் தொடவே முடியாதுன்னா விழுறதுக்கும் வழியில்ல. ஆனா நகர நகர நீளத்தை சரி பண்ணணும், மூலைக்குப் போறப்ப அளவு மாறிடும், அதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல.

புது சிஸ்டம் முழுசா போடுறீங்கன்னா கொட்டேஷன்லயே சாரத்துக்கும் ரெயிலுக்கும் தனியா விலை போட்டு வாங்குங்க, அப்பதான் கடைசி நேரத்துல யாரும் அதை வெட்ட மாட்டாங்க. கூரை நடுவுல ஸ்கைலைட்டோ (வெளிச்சத்துக்கு வெச்ச கண்ணாடி) பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ இருந்தா அது உடைஞ்சு உள்ள விழுறதை ஓரத்து ரெயில் தடுக்காது, ஸ்கைலைட்டை ஆள் எடை தாங்குற பலகையால மூடி ஆணி அடிச்சுருங்க, ஷீட் மேல நேரா கால் வெக்காம நடைபலகை போட்டுட்டு ஏறுங்க.