கந்தளாய் யானையைத் தேட எது நல்லது: தரையா, விமானமா, செயற்கைக்கோளா?

திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய், சேருவில, மூதூர்ப் பக்கத்து விவசாயிக்கு யானை ஓர் ஆராய்ச்சிப் பொருள் அல்ல. அறுவடைக்கு முன் அது வயலில் இறங்கினால் ஒரு போகத்து உழைப்பே போய்விடும். ரேடியோ அலை அனுப்பும் கழுத்துப்பட்டை அணிவித்த யானையைப் பின்தொடரும் வழிகளை அவர் பக்கம் நின்றுதான் எடைபோடுகிறேன்.

தரைவழித் தேடல் பழையது, மலிவானது. பட்டை 150 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையில் விட்டுவிட்டுத் துடிக்கும். துடிப்பு உரத்துக் கேட்கும் திசையைக் கையிலுள்ள யாகி அன்டெனாவால் (ஒரு திசையிலிருந்து வருவதை உரத்துக் கேட்கும் அன்டெனா) குறித்து, இன்னோர் இடத்திலிருந்தும் குறித்தால், இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் யானை. ஆனால் அடர்காடு அலையை விழுங்கிவிடும், பாறைக் குன்று அதைத் திருப்பிவிட்டுத் திசையைப் பிழையாகக் காட்டும். மாரியில் மகாவலி பெருகிவிட்டால் வெருகல் பக்கத்துப் பல தடங்களில் ஜீப் இறங்கவே முடியாது.

இந்தத் தடைகளுக்கு மேலால் பறக்கிறது விமானம். 300 மீட்டர் உயரத்தில் ரேடியோவின் தொடுவானம், அதாவது அலை நேராக எட்டும் எல்லை, கணக்குப்படி 70 கிலோமீட்டரைத் தாண்டும். பட்டையின் வலு சிறிது என்பதால் உண்மையில் கேட்கும் தூரம் அதைவிடக் குறைவு. என்றாலும் தரையில் நிற்பவர் நெருங்க முடியாத தூரம் அது. இறக்கையைத் தாங்கும் கம்பங்களில் பக்கத்துக்கொன்றாக அன்டெனா கட்டி, இடம், வலம், இரண்டும் என மாற்றும் சுவிட்சை மடியில் வைத்துக்கொள்வார்கள். இடப்பக்கம் உரத்துக் கேட்டால் விமானி இடப்பக்கம் திரும்புவார். இரண்டிலும் ஒரே அளவில் கேட்டால் யானை நேர் முன்னே, அல்லது நேர் பின்னே. நெருங்க நெருங்க ரிசீவரின் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இல்லாவிட்டால் எல்லாத் திசையும் ஒரே இரைச்சலாகி, வட்டமிட்டும் பயனிருக்காது. பட்டைகள் பலவானால் இன்னொரு சிக்கல்: ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் நிமிடத்துக்கு 2.5 கிலோமீட்டர் கடந்துவிடும். 20 அலைவரிசைகளைத் தலா மூன்று விநாடி கேட்டு முடிப்பதற்குள் முதல் யானை பின்னால் போயிருக்கும்.

செலவும் கொஞ்சமல்ல. அதைவிட முக்கியம், இலங்கை யானைகள் பெரும்பாலும் தமக்குரிய வட்டாரத்துக்குள்ளேயே ஆண்டு முழுதும் திரிபவை. அவற்றைக் கண்காணிக்க அன்றாடம் விமானம் ஏறுவது வீண். பிடித்து வேறு காட்டில் விடப்பட்ட ஆண் யானைகள் வேறு ரகம்: சில பழைய இடத்துக்கே திரும்பின, சில அலைந்து திரிந்தன என்று 2012இல் வெளிவந்த இலங்கை ஆய்வு சொன்னது. அவற்றின் தடத்தைக் காட்டித் தந்தவையும் ஜிபிஎஸ் பட்டைகளே.

ஆகவே என் தேர்வு ஜிபிஎஸ். பட்டை தன் இடத்தைத் தானே கணித்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்பும். இரவென்றும் மழையென்றும் பாராது. விலைதான் அதிகம். அடிக்கடி இடம் குறித்தால் மின்கலம் சீக்கிரம் தீரும், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் எச்சரிக்கை வருமுன் யானை வயலில் நிற்கும். பகலில் அரிதாகவும், நெல் முற்றும் வாரங்களில் இரவில் நெருக்கமாகவும் நேரம் வகுப்பதே விவசாயிக்கு உதவும்.



ஜிபிஎஸ் பட்டை வாங்குவோர் அதற்குள் தனியாகத் துடிக்கும் ரேடியோ கருவியும் இருக்கிறதா என்று பார்த்து, அலைவரிசையை எழுதி வைக்க வேண்டும். செயற்கைக்கோள் தொடர்பு அறுந்த நாளில் விமானம் தேடப்போவது அந்தத் துடிப்பைத்தான்.